குடியை விட்ட உறவினருக்கு என்ன கிறிஸ்துமஸ் பரிசு வாங்கலாம்?

டிசம்பர் சம்பளம் கைக்கு வந்ததும் உறவுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, யாருக்கு என்ன என்று எதிரே குறித்து வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். பாளையங்கோட்டை, நாசரேத், தூத்துக்குடி என்று பரவிக் கிடக்கும் குடும்பம் என்பதால் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். ஆளுக்கு 500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. பெரியம்மாவுக்கு நைட்டி, பிள்ளைகளுக்கு கலர் பென்சில், மச்சானுக்கு பனியன் என்று பாதித் தாள் ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். மூன்று பேருக்கு மட்டும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சித்தப்பா குடியை விட்டுப் பல வருடம் ஆகிறது. அண்ணனுக்குக் குடிக்காத மூன்றாவது கிறிஸ்துமஸ் இது. அத்தை மகன் கல்லூரியில் கஞ்சாவும் வலி மாத்திரையும் பழகி, சிகிச்சை எடுத்து வீடு திரும்பியவன். மூன்று பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இதே யோசனையில் இருக்கும் வீடுகள் நிறைய உண்டு என்று எனக்குத் தெரியும். கோவிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒரு அக்கா கையைப் பிடித்து, "உங்க அண்ணனுக்கு என்ன வாங்குவீங்க? எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் விட்டிருக்காரு, என்ன கொடுக்கன்னே தெரியல" என்று மெதுவாகக் கேட்பார். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விலையில் ஆரம்பிக்கிறேன். குறைந்த விலைப் பரிசே இவர்களுக்கு நல்லது. குடியை விட்ட முதல் வருடம் அண்ணன் யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டான். யாரிடம் எவ்வளவு வாங்கினோம், மனைவியின் எந்த நகை அடகில் இருக்கிறது என்கிற கணக்கு அவன் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ஐயாயிரம் ரூபாய் சட்டையையோ புது செல்போனையோ நீட்டினால், அது இன்னொரு கடனாகத்தான் அவன் மேல் ஏறும். இன்னொரு காரணமும் உண்டு, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஆரம்ப மாதங்களில் விற்றுக் காசாக்கக் கூடிய பொருள் வீட்டில் கிடப்பதே ஒரு சோதனை. போனும் வெள்ளிச் சங்கிலியும் ஒரு மோசமான சாயங்காலத்தில் எப்படிக் கைமாறும் என்று குடிநோயோடு வாழ்ந்த எந்த வீட்டுக்கும் தெரியும். அடுத்தவர் காசு கொடுத்து வாங்காத பொருளாக இருப்பது நல்லது.

என்ன வாங்கலாம் என்பதற்கு எனக்கு வழி காட்டியது அண்ணன் சொன்ன ஒரு பேச்சு. சிகிச்சை முடிந்து வந்த புதிதில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "காலையில எனக்கு ஒண்ணும் இல்ல ஏட்டி. வேலைக்குப் போயிட்டா பகலும் ஓடிரும். சாயங்காலம் ஆறு மணி ஆனா கையும் காலும் சும்மா இருக்கும் பாரு, அந்த ஆறுல இருந்து ஒம்பது வரைக்கும் என்ன செய்யன்னே தெரியல" என்றான். குடி என்பது பாட்டில் மட்டும் இல்லை. கடைக்கு நடந்து போவது, வழியில் சேரும் ஆட்கள், வறுகடலை, பேச்சு, தள்ளாடி வீடு திரும்புவது எல்லாம் சேர்ந்து தினமும் மூன்று மணி நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. விட்டவுடன் அந்த மூன்று மணி நேரம் வெறுமையாகக் கிடக்கிறது. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குத்தான் மூடும். கிறிஸ்துமஸ் அன்றைக்கும் விடுமுறை கிடையாது. ஆகவே அந்த வேளையை நிரப்பும் பொருளாகப் பார்த்து வாங்குவது என்று முடிவு செய்தேன். விட்டவருக்கு அவரது நோயை நினைவூட்டுகிற எதையும் வாங்குவதில்லை என்பதையும் அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

அண்ணன் வாலிபத்தில் தெருவிலேயே பேர்போன கேரம் ஆட்டக்காரன். பழைய போர்டு பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, புதுக் காய்கள், ஒரு ஸ்ட்ரைக்கர், ஒரு டப்பா பவுடர் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் முடிந்தது. முதலில் அவன் தொடவில்லை. அவனுடைய மகள்தான் காய்களை அடுக்கி வைத்து, "அப்பா, ரெட் எப்படிப் போடணும்?" என்று கேட்டாள். அதன்பிறகு பொங்கல் வரைக்கும் அநேகமாக எல்லாச் சாயங்காலமும் ஆட்டம் நடந்தது. எதிர்வீட்டு மாமாவும் வந்து உட்கார ஆரம்பித்தார். ஒருவர் குடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் எதில் கெட்டிக்காரராக இருந்தார் என்று விசாரித்துப் பாருங்கள். தோட்டம், மீன்பிடி, ரேடியோ ரிப்பேர், தபேலா, சமையல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அந்தக் காலத்து மனிதரை நீங்கள் மறக்கவில்லை என்று பரிசு அவருக்குச் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பொழுதுபோக்கே குடிக்கூட்டத்தோடு கலந்திருந்ததா என்பதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருக்காரர் ஒருவருக்குத் தூண்டில் வாங்கிக் கொடுத்தார்கள். அவர் முன்பு குளக்கரையில் தூண்டில் போட உட்கார்ந்ததே பாட்டிலைத் திறக்கத்தான்.

சித்தப்பா விஷயம் வேறு. அவர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறவர். அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் 1935இல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக ஆரம்பித்த அந்த இயக்கம், நம் ஊர்ப் பள்ளிக்கூட அறையிலும் கோவில் மண்டபத்திலும் தமிழில் நடக்கிறது. பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் எது வந்தாலும் குடி நினைப்பு பின்னாலேயே வரும், அதனால் அந்த நான்கையும் கவனித்துக்கொள் என்று அங்கே சொல்வார்களாம். அதில் பசியைத் தீர்ப்பது நம் கையிலேயே இருக்கிறது. குடியை விட்ட பலருக்கும் இனிப்பின் மேல் திடீரென்று ஆசை வரும். சித்தப்பாவுக்கும் வந்தது. உடன்குடிக் கருப்பட்டி அரைக் கிலோ, சுக்கும் மல்லியும் ஏலக்காயும் சேர்த்து வீட்டிலேயே இடித்த பொடி ஒரு பாட்டில், சின்ன எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்று கொடுத்தேன். சாயங்காலம் சுக்குக் காப்பி போட்டு பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் போவார். "கையில பிடிக்க ஏதாவது இருந்தாப் போதும் மக்கா" என்பார். சர்க்கரை நோய், கணையக் கோளாறு உள்ளவருக்கு இது ஆகாது. சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது என்று சித்தியிடம் கேட்ட பிறகுதான் கருப்பட்டி வாங்கினேன்.

கூட்டத்துக்கு நாமே ஏதாவது வாங்கிக் கொடுத்தால் என்ன என்று ஒரு வருடம் தோன்றியது. சித்தப்பா வேண்டாம் என்றார். வெளியாரிடம் நன்கொடை வாங்காமல் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வது அவர்கள் மரபாம். அதனால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பாக்கெட்டுகளைச் சித்தப்பாவுக்கென்றே கொடுத்தேன். அவர் தன் பங்காக எடுத்துப் போய் எல்லாருக்கும் கொடுத்தார். குடித்த காலத்தில் எல்லாரிடமும் கை நீட்டியவருக்கு, நாலு பேருக்குக் கொடுக்கும் இடத்தில் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். மீண்டு வருகிறவருக்கு ஒரு பொருளைக் கொடுப்பதைப் போலவே, அவர் பிறருக்குக் கொடுக்க வழி செய்வதும் பரிசுதான்.

இனி கொடுக்கக் கூடாதவை. இதில் கொஞ்சம் விவரமாகப் போக வேண்டும். அன்பாகக் கொடுத்தே ஆபத்தை வரவழைத்துவிட முடியும்.

அண்ணனுக்கு முதல் வருடம் டைசல்பிரம் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது ஆல்கஹால் உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் கீழே போகும். உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு உறவினர் ஒருவர் அழகான ஷேவிங் செட் வாங்கி வந்தார். உள்ளே ஆப்டர்ஷேவ், சென்ட் எல்லாம் இருந்தன. இரண்டிலும் ஆல்கஹால். டாக்டர் முன்பே மைனியிடம் (அண்ணன் மனைவியிடம்), ஆப்டர்ஷேவ், சென்ட், மவுத்வாஷ், இருமல் சிரப் எதுவானாலும் லேபிளைப் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் மைனி அதைப் பக்குவமாக எடுத்து வைத்துவிட்டார். ஷேவிங் செட்தான் கொடுக்க வேண்டும் என்றால் நல்ல பிரஷ் ஒன்று, சோப்பு ஒன்று, 30 ரூபாய்க்கு ஒரு படிகாரக் கட்டி போதும். அந்தக் காலத்து சலூன்களில் படிகாரம்தானே போடுவார்கள்.

அரிஷ்டம் இன்னொன்று. "உடம்பு தேறட்டும்" என்று வயதானவர்கள் ஆசையாக வாங்கி வருவது தசமூலாரிஷ்டமும் திராட்சாரிஷ்டமும். அரிஷ்டங்களும் ஆசவங்களும் புளிக்கவைத்துச் செய்யும் மருந்துகள். அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு, பாட்டிலிலேயே எழுதியிருக்கும். வீட்டில் போடும் திராட்சை ஒயினும் அப்படித்தான். எங்கள் பக்கம் சில வீடுகளில் நவம்பரிலேயே திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு ஜாடியைக் கட்டி வைப்பார்கள். "வீட்டில செஞ்சது, ஒண்ணும் பண்ணாது, ஒரு வாய்" என்று சொல்லாதீர்கள். புளித்த சர்க்கரை எங்கே புளித்தாலும் ஆல்கஹால்தான். கடையில் விற்கும் பீரைவிட வீரியம் கூடுதலாகவும் இருக்கலாம். ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்பதையும் தவிர்த்துவிடுங்கள். அதில் சிலவற்றில் துளி ஆல்கஹால் இருக்கும். துளியும் இல்லாததிலும் மணமும் கசப்பும் பழையதையே கிளறிவிடும்.

குளிர்பானம் கொடுப்பதற்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு கருப்புக் கலர் கோலா எதுவும் ஆகாது. முன்பு அதில்தான் ரம் கலந்து குடிப்பான். சித்தப்பாவுக்கோ போவண்டோ என்றால் உயிர். 1916இல் தொடங்கிய கம்பெனிச் சரக்கு, தன் அப்பா வாங்கித் தந்தது என்று கதை சொல்லிக்கொண்டே குடிப்பார். ஒருவருக்குச் சந்தோஷமானது இன்னொருவருக்குச் சோதனையாக இருக்கிறது. அண்ணனுக்கு நன்னாரி சர்பத் ஒரு பாட்டிலும், பிழிவதற்கு நாலு எலுமிச்சம்பழமும்.

சொல்லாமல் விடக் கூடாதது ஒன்று. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறப்பார்" என்று விளம்பரம் செய்து விற்கும் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கி, கிறிஸ்துமஸ் பரிசாக மனைவியின் கையில் கொடுக்கும் உறவினர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் மேலே சொன்ன மாத்திரையே அதில் இருந்து, அவர் அது தெரியாமல் குடித்துவிட்டால் உயிர் போகலாம். மருந்து என்றால் அவருக்குத் தெரிந்து, டாக்டர் சொல்லி, அவர் சம்மதத்தோடு மட்டும்.

கேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் எல்லாருக்கும் கொடுப்பது அதைத்தான். பிளம் கேக்குக்குப் பழங்களை ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைப்பது வழக்கம். அடுப்பில் எல்லாம் ஆவியாகிவிடும் என்று பேக்கரிக்காரர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. ஒரு மணி நேரம் வெந்த பிறகும் சுமார் கால் பங்கு தங்கிவிடும். வெந்த கேக்கின் மேலே மறுபடியும் ரம் தெளிப்பவர்களும் உண்டு. அளவைவிட வாசனைதான் முக்கியம். ரம் எசன்ஸ் மட்டும் போட்டிருந்தாலும், பெட்டியைத் திறந்ததும் வருகிற அந்த மணம் புதிதாக விட்டவரைப் பிடித்து உலுக்கிவிடும். கடையில் வாங்கினால் ரம்மும் வேண்டாம், ரம் எசன்ஸும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள்.

நாங்கள் வீட்டிலேயே செய்துவிடுகிறோம். கிஸ்மிஸ், கருப்பு திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, பொடியாக நறுக்கிய ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்து இரண்டு கப். கமலா ஆரஞ்சைப் பிழிந்த சாறு ஒரு கப் ஊற்றி, சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி, ஆறியதும் பிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் பழம் சாற்றை முழுக்கக் குடித்துவிடும். ரம்மில் ஊறவைப்பதுபோல வாரக்கணக்கில் வெளியே வைக்கக் கூடாது. பழச்சாறு புளித்துவிடும், பிறகு நாம் எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே ஜாடிக்குள் உருவாகிவிடும். சர்க்கரைக்குப் பதிலாகப் பாதி கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி ஊற்றினால் கேக்குக்கு அந்தக் கருத்த நிறமும் லேசான கசப்பும் கிடைக்கும். கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு மூன்றையும் பொடித்துப் போடுங்கள். ரம் இல்லை என்ற குறையே நாக்குக்குத் தெரியாது. எண்ணெய்த் தாளில் சுற்றி நூலால் கட்டி எல்லா வீட்டுக்கும் இதே கேக்தான் போகிறது. அண்ணனுக்கு மட்டும் தனிக் கேக் என்று வைக்கவில்லை. தட்டு நீட்டும்போது "இது உங்களுக்கு, அது மற்றவங்களுக்கு" என்று பிரித்துச் சொல்லும்போதுதான் ஒருவருக்குத் தான் வேறு பந்தி என்று வலிக்கிறது.

அத்தை மகனுக்கு வருகிறேன். இருபத்திரண்டு வயதுப் பையன். நன்றாக கிட்டார் வாசிப்பான். போதைக்குள் போன பிறகு கிட்டார் கம்பிகள் துருப்பிடித்துச் சுவரில் தொங்கியது. 300 ரூபாய்க்கு ஒரு செட் கம்பி வாங்கி, கடைக்காரரையே மாட்டித் தரச் சொன்னேன். அதோடு ஒரு வேலையும் கொடுத்தோம். டிசம்பரில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போவது எங்கள் ஊரில் பெரிய கொண்டாட்டம். வாலிபர் கூட்டம் வேனில் ராத்திரி முழுக்கச் சுற்றும். அவனுடைய பழைய சேர்க்கை எல்லாம் அதில்தான். போகாதே என்று தடுத்தால் வீட்டுக்குள் அடைபடுவான். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை போகும் குழுவுக்கு வாசிக்க ஆள் இல்லை என்று கேட்டோம். ஆள் இல்லை என்பது உண்மையும்கூட. தேவையில்லாத வேலையைச் சும்மா கொடுத்தால் அந்த வயதுப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

காசு கொடுப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குப் பெரியவர்கள் சின்னவர்கள் கையில் நோட்டு வைப்பது நம் வழக்கம். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு அவனை மட்டும் தாண்டிப் போனால் அந்த அவமானத்தை அவன் மறக்க மாட்டான். முன்கூட்டியே அவனிடமே பேசினேன். "காசு வேண்டாம் அக்கா, கையில இருந்தா யோசனை அங்கதான் போகுது. போனுக்கு ரீசார்ஜ் பண்ணி விடுங்க" என்றான். அந்த வருடம் வாலிபப் பிள்ளைகள் எல்லாருக்குமே ரீசார்ஜ் என்று ஆக்கிவிட்டோம். சம்பந்தப்பட்டவரையே கேட்பதில் வெட்கமே தேவையில்லை. "இந்த டிசம்பர்ல உங்களுக்கு எது கஷ்டம், எது இருந்தா நல்லது" என்று தனியாக, நிதானமாகக் கேட்டால் பெரும்பாலும் நேர்மையாகச் சொல்வார்கள். சிகிச்சையில் முதலில் பழகுவதே உண்மையைச் சொல்வதைத்தான்.

எங்கே வைத்துக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். உறவினர் ஒருவர் நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்தில் மதுவைப் பற்றி வரும் வசனங்களை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சொந்தக்காரர் எல்லாரும் இருக்கும்போது அண்ணனிடம் கொடுத்தார். நல்லெண்ணம்தான். ஆனால் தன் வீட்டுச் சுவரில் தன் குற்றப்பத்திரிகையை யார் மாட்டுவார்கள்? குடியை விடச் சொல்லும் புத்தகம், பிரசங்க சி.டி., மதுவின் தீமை பற்றிய படம் எதுவும் பரிசாகாது. வசனம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எல்லாருக்கும் எழுதுவதையே எழுதுங்கள். வாழ்த்து அட்டையில் நான் எழுதியது இரண்டு வரி: "இந்த வருஷம் நீ எங்க கூட உட்கார்ந்து சாப்பிடுறது சந்தோஷமா இருக்கு. மத்தியானம் பிரியாணி உன் பொறுப்பு." குடி என்ற வார்த்தை அதில் இல்லை.

குடியை விட்ட கணக்கைப் பொதுவில் கொண்டாடுவதும் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டு "தேவன் குடியிலிருந்து விடுவித்தார்" என்று எழுதுவதும், கிறிஸ்துமஸ் விழா மேடையில் சாட்சி சொல்லக் கூப்பிடுவதும் அவருடைய விருப்பமில்லாமல் செய்யக் கூடாது. தன் கதையை யாரிடம், எப்போது சொல்வது என்பது அவர் உரிமை. சித்தப்பா குடியை விட்ட நாளை அவர்கள் கூட்டத்தில் பிறந்தநாள் என்கிறார்கள். அது ஜூலையில் வருகிறது. அன்று காலை போன் செய்து "இன்னைக்குப் பிறந்தநாள் சித்தப்பா" என்று மட்டும் சொல்வேன். அதற்குமேல் ஒரு வார்த்தையும் அவருக்குத் தேவையில்லை.

இதுவரை குடியை விட்டவரைப் பற்றியே பேசினேன். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பரிசு வாங்க எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். சென்னையில் 1980இல் குடிநோய்க்கென்றே டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனை நிறுவிய சாந்தி ரங்கநாதன், தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். குடிநோய் குடிப்பவரோடு நிற்பதில்லை, வீட்டையே பிடிக்கிறது என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? எங்கள் மைனி பல வருடம் ராத்திரி பதினொன்றுக்குக் கதவோரம் காத்திருந்து, பிள்ளைகளை வேறு அறையில் தூங்கவைத்து, பக்கத்து வீட்டாருக்குப் பொய் சொல்லியே காலத்தைத் தள்ளினார். இப்போது அண்ணனை எல்லாரும் பாராட்டும்போது அவர் அடுப்படியில் நிற்கிறார். டிசம்பர் 26ஆம் தேதி முழு நாளும் பிள்ளைகள் எங்கள் வீட்டில் என்று ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் போட்டு மைனியிடம் கொடுத்தேன். ஒரு பைசா செலவில்லை. அன்று அவர் தன் அம்மா வீட்டுக்குப் போய் மத்தியானம் முழுக்கத் தூங்கியதாகச் சொன்னார். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கு என்றே அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் இருக்கிறது. அதன் கூட்டம் உங்கள் ஊரில் நடந்தால், மைனிமார் போய்வர ஒரு சாயங்காலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் நல்ல பரிசு.

அண்ணனுக்கு மைனி கொடுத்த பரிசைச் சொல்ல வேண்டும். குடித்த காலத்தில் அவனிடமிருந்து வீட்டுச் சாவியை வாங்கி வைத்திருந்தார். இரண்டாவது கிறிஸ்துமஸுக்குக் கடையில் 60 ரூபாய் கொடுத்து டூப்ளிகேட் சாவி அடித்து, யாருக்கும் தெரியாமல் அவன் சட்டைப் பையில் போட்டார். அன்று கோவிலுக்குக் கிளம்பும்போது அண்ணன்தான் கதவைப் பூட்டினான். இதைக் கேட்டுவிட்டு உங்கள் வீட்டிலும் "சாவியைக் கொடுத்திடு" என்று மனைவியை வற்புறுத்தாதீர்கள். நம்பிக்கை இழந்தவர்தான் அது திரும்பிவிட்டதா என்று சொல்ல வேண்டும். முதல் வருடம் மைனி கொடுக்கவில்லை. கொடுக்காததும் சரிதான்.

இன்னும் விடாத உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். "இந்தக் கிறிஸ்துமஸோட விட்டுட்டேன், இதுதான் உனக்கு நான் தர்ற பரிசு" என்று மனைவி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வார். மனதார வாழ்த்துங்கள், ஆனால் பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் நிலைக்கும் போகலாம். அது சாத்தான் வேலையும் இல்லை, நடிப்பும் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம். சத்தியம் செய்த அன்றே டாக்டரைப் பார்க்க அழைத்துப் போவதுதான் அவருக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால், போதைப் பழக்கத்துக்கான மத்திய அரசின் இலவச உதவி எண் 14446, மன நலத்துக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டையும் மைனியின் போனில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

25ஆம் தேதியைவிட 31 பயமானது. ஊரே குடிக்கும் ராத்திரி. அன்று அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு, பிறகு கேரம், பதினொன்றுக்கு எல்லாரும் சேர்ந்து வருட இறுதி ஆராதனைக்கு நடை. பண்டிகை ஓய்ந்த ஜனவரி இரண்டாம் வாரமும் லேசானதில்லை. விருந்தாளிகள் போய்விடுவார்கள், சம்பளம் தீர்ந்திருக்கும், வீடு வெறிச்சென்று இருக்கும். அத்தை மகன் ஒரு வருடம் அப்போதுதான் சறுக்கினான். பழைய சேர்க்கையோடு போய் மாத்திரை போட்டுவிட்டான். கொஞ்சகாலம் விட்டிருந்து, மறுபடி பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, உயிரே போகலாம் என்று டாக்டர் சொன்னபோது எல்லாரும் நடுங்கிப்போனோம். அத்தை கோபத்தில் கிட்டாரைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வயிற்றெரிச்சலில் செய்தது. சித்தப்பா போய் உட்கார்ந்து பேசினார். "நான் எத்தனை தடவை விழுந்து எந்திரிச்சேன்னு உங்களுக்குத் தெரியாது. கொடுத்ததைத் திருப்பி வாங்காதீங்க. அதை வாங்கிட்டா சாயங்காலம் அவன் கையில மறுபடி ஒண்ணும் இருக்காது" என்றார். அத்தை அன்றே பீரோவைத் திறந்துவிடவில்லை. டாக்டரைப் பார்த்து, மறுபடி சிகிச்சை ஆரம்பித்து, அவன் தானாக வந்து கேட்ட பிறகு கொடுத்தார்.

இந்த வருடம் என்ன வேண்டும் என்று அவனிடம் போன வாரம் கேட்டேன். கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேப்போ ஒன்று வேண்டுமாம், 250 ரூபாய் ஆகும் என்றான். கூடவே, கேரலுக்கு இந்த முறை கீபோர்டு வாசிக்க யாராவது கிடைப்பார்களா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறான். நாசரேத்தில் ஒரு பையன் இருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேச வேண்டும்.